இந்தப் படத்தில் அம்மா பிழைப்பாளா?

குழந்தைகளோடு உட்கார்ந்து படம் பார்க்க ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. முதல் காட்சி வந்ததுமே, இதில் அம்மா அப்பா இருக்கிறார்களா, இருந்தால் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிப்பார்கள் என்று மனது கணக்குப் போடத் தொடங்கிவிடும். அம்மா ரொம்ப அன்பாகச் சிரித்தால் எனக்குக் கவலை. அப்பா பிள்ளையைத் தனியாக அழைத்துப்போய் வாழ்க்கையைப் பற்றி நீளமாகப் பேசினால் அவர் கதை முடிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கப்பல் ஏறினால் சொல்லவே வேண்டாம். பெரியவளுக்கு என் பழக்கம் தெரியும். நான் நிமிர்ந்து உட்கார்ந்தாலே, "அம்மா, யாரும் சாகல, சும்மா பாரு" என்பாள்.

இது என் பிரமை இல்லை. 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. 1937இன் 'ஸ்னோ ஒயிட்' தொடங்கி 2013இன் 'ஃப்ரோசன்' வரை 45 அனிமேஷன் படங்களை எடுத்துக்கொண்டு, அதே ஆண்டுகளில் பெரியவர்களுக்காக வந்த படங்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். முக்கியமான பாத்திரம் ஒன்று திரையிலேயே சாவது குழந்தைகள் படங்களில் மூன்றில் இரண்டு பங்கு. பெரியவர்கள் படங்களில் பாதி. அதிலும் நாயகனின் அம்மாவோ அப்பாவோ சாகிற ஆபத்து, குழந்தைகள் படத்தில் ஐந்து மடங்குக்கும் மேல். அந்த இதழின் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் இப்படிப்பட்ட குறும்பு ஆய்வுகளுக்குப் பேர்போனதுதான். இருந்தாலும் அந்த எண்களைப் படித்தபோது எனக்கு ஒரு சங்கத்தில் உறுப்பினரானதுபோல ஆறுதலாக இருந்தது.

'பேம்பி' 1942இல் வந்த படம். அதில் மான்குட்டியின் தாய் சாவது திரையில் தெரியாது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும், பனி கொட்டும், குட்டி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே திரியும். பெரிய மான் வந்து, இனி உன் அம்மா உன்னோடு இருக்க முடியாது என்று சொல்லி அழைத்துப்போகும். அதெல்லாம் சரி. அடுத்த காட்சி என்ன தெரியுமா? வசந்தம். பறவைகள் பாட்டுப் பாடுகின்றன, பூ பூத்திருக்கிறது, குட்டி வளர்ந்துவிட்டது. நான் சின்ன வயதில் இதைப் பார்த்தபோது துப்பாக்கிச் சத்தம்தான் பயமாக இருந்தது. இப்போது அந்தப் பறவைகள் மேல்தான் எனக்குக் கோபம். செத்த அம்மாவுக்காக ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? சின்னவன் அந்தப் பனிக்காட்சி முழுவதும் அமைதியாக இருந்தான். உள்ளே ஏதோ நொறுங்கியிருக்கும் என்று நினைத்து அணைத்துக்கொண்டேன். "அந்த முயல் எங்கம்மா போச்சு?" என்று கேட்டான்.

ஏன் இப்படிப் பெற்றோரைக் கொன்று குவிக்கிறார்கள்? வால்ட் டிஸ்னியின் தாய் 1938 நவம்பரில், மகன்கள் வாங்கிக் கொடுத்த வீட்டில் சூடேற்றும் உலையின் வாயுக் கசிவால் இறந்தார், அந்தக் குற்றவுணர்வுதான் அவருடைய படங்களில் தாய்மார்களே இல்லாததற்குக் காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. உருக்கமான விளக்கம்தான், ஆனால் நிற்காது. தாயில்லாத 'ஸ்னோ ஒயிட்' அதற்கு முந்தைய ஆண்டே திரைக்கு வந்துவிட்டது. அந்தக் கதையோ இன்னும் பழையது. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில், சிறுமியைக் கொல்லச் சொல்வது மாற்றாந்தாய்கூட இல்லை, பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாயாக மாற்றினார்கள். பெற்றவளின் மானத்தைக் காப்பாற்ற அவளைப் பிரசவத்திலேயே சாகடிக்க வேண்டியிருந்தது. கெட்டவளாகக் கடைசிவரை இருப்பதா, நல்லவளாக முதல் பக்கத்தில் போவதா என்று என்னைக் கேட்டிருந்தால் நான் எதைச் சொல்லியிருப்பேனோ தெரியவில்லை.

காரணம் ரொம்ப எளிமையானது என்றுதான் நினைக்கிறேன். நான் இருக்கிற வீட்டில் கதை நடக்காது. "காட்டுக்குள்ள போய்ப் பாக்கலாமா?" என்று பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்வேன்? இருட்டப்போகிறது, நாளைக்குப் பரீட்சை, முதலில் செருப்பைப் போடு. அங்கேயே படம் முடிந்துவிடும். கதை நகர வேண்டுமென்றால் முதல் வேலையாக என்னை அறையைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும். ரோல்டு டால் இதில் தயவுதாட்சண்யமே பார்க்க மாட்டார். 1961இல் அவர் எழுதிய 'ஜேம்ஸ் அண்ட் த ஜயன்ட் பீச்' நாவலின் முதல் பக்கத்திலேயே, தப்பி ஓடிவந்த ஒரு காண்டாமிருகம் ஜேம்ஸின் அப்பா அம்மாவைப் பட்டப்பகலில் தின்றுவிடும். காண்டாமிருகம் புல்தின்னி என்று சின்னவன் எடுத்துச் சொன்னான். அவனுக்கு அதுதான் உறுத்தியது, பெற்றோர் இல்லை. ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த மகளுக்காகச் சொல்லத் தொடங்கிய பிப்பியின் கதை 1945இல் புத்தகமானது. அதில் தாய் இறந்துவிட்டாள், தந்தை கடலில் போய்விட்டார். ஒன்பது வயதுப் பெண் ஒரு குதிரையோடும் குரங்கோடும் தனி வீட்டில் ராஜாங்கம் நடத்துகிறாள். காய்ச்சலில் கிடக்கும் தன் பிள்ளைக்கு, அம்மாவே இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி அம்மாவே கதை கட்டிச் சொல்லியிருக்கிறாள் என்பதை நினைத்தால் எனக்கு அந்த அம்மாவின் தைரியம் பிடிக்கிறது.

ஆக, என்னை அனுப்பிவிடுவதில் எனக்கு வருத்தமில்லை. எப்படி அனுப்புகிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். குழந்தைகள் படத்தையோ புத்தகத்தையோ எடைபோட எனக்கு இப்போது இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான். பரிதாபம் சேர்ப்பதற்காக இரண்டு நிமிடத்தில் அம்மாவைக் கொன்றுவிட்டு, அப்புறம் கடைசிவரை அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத படங்கள் உண்டு. அவை எனக்கு ஆகாது. போனவர் போன இடம் கதை முழுக்கக் காலியாகத் தெரிய வேண்டும்.

'ஃபைண்டிங் நீமோ'வில் தெரியும். 2003இல் வந்த அந்தப் படத்தின் தொடக்கத்திலேயே தாய்மீனும் நூற்றுக்கணக்கான முட்டைகளும் போய்விடும். ஒரே ஒரு முட்டை மிஞ்சும். அதன் பிறகு வருகிற ஒவ்வொரு காட்சியிலும் அந்த இழப்பு இருக்கிறது, அப்பாமீனின் பதற்றமாக. கடல் சாமந்திக்குள் இருக்கும் அந்த வீட்டைவிட்டு வெளியே வருவதற்குள் நான்கு தடவை எட்டிப் பார்க்கிறது, பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கு அனுப்ப அத்தனை யோசிக்கிறது. எல்லார் முன்னாலும் "உன்னால முடியாது" என்கிற மாதிரி பேசிவிடுகிறது. அந்த அவமானத்தில்தான் குட்டிமீன் ஆழ்கடலுக்கு நீந்திப் போய் மாட்டிக்கொள்கிறது. என் பிள்ளைகள் அந்தப் படத்தைச் சுறா வருகிற, ஆமை வருகிற சாகசப் படமாகப் பார்த்தார்கள். நானோ, பிள்ளையைப் பறிகொடுத்தது கடலா, அப்பாவின் பயமா என்ற கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன். உனக்கு எதுவுமே நேரவிட மாட்டேன் என்று அப்பாமீன் சத்தியம் செய்ததைக் கேட்டு, மறதிக்கார நீலமீன் குழம்பிப்போய்ச் சொல்லும்: எதுவுமே நேரவிடாவிட்டால் அவனுக்கு வாழ்க்கையில் எதுவுமே நேராதே. அந்த இடத்தில் பெரியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. நிஜக் கடலில் அந்தக் கோமாளி மீன்களின் கூட்டத்தில் பெண்மீன் இறந்துவிட்டால், அதன் துணையான ஆண்மீன் மெல்லப் பெண்ணாக மாறிவிடும். முட்டைகளைக் காவல் காப்பதும் பெரும்பாலும் ஆண்தான். அம்மா போனதும் அப்பாவே அம்மாவாகிவிடுகிற ஓர் இனத்தைப் பார்த்து எழுதிய கதையில் ஆளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

'ஃப்ரோசன்' வேறு விதம். அதன் 'லெட் இட் கோ' பாட்டு எங்கள் வீட்டில் ஓடிய காலத்தை நான் விவரிக்கப் போவதில்லை, பிள்ளை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பெரிய மகளின் கையிலிருந்து பனி வருகிறது, அதனால் தங்கைக்கு அடிபடுகிறது. அப்பா அம்மா என்ன செய்கிறார்கள்? அரண்மனைக் கதவைச் சாத்துகிறார்கள், இரண்டு பிள்ளைகளையும் பிரித்துவைக்கிறார்கள், பெரியவளுக்குக் கையுறை மாட்டி, உணராதே, மறைத்துவை, யாருக்கும் தெரியக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கொடுமைக்காரர்கள் இல்லை, பாசமானவர்கள். அப்புறம் கப்பல் ஏறுகிறார்கள், முடிந்தது. அந்தப் புகழ்பெற்ற பாட்டு முழுக்க முழுக்க அப்பா சொல்லிக்கொடுத்த பாடத்தைத் தூக்கி எறிவதைப் பற்றியது. அவர் சொன்ன வார்த்தைகளையே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டெறிகிறாள். அந்தப் பெண்ணை முதலில் வில்லியாகத்தான் வைத்திருந்தார்களாம். ராபர்ட் லோபஸும் கிறிஸ்டன் ஆண்டர்சன் லோபஸும் அந்தப் பாட்டை எழுதிய பிறகுதான் இவள் வில்லியாக இருக்க முடியாது என்று கதையையே திருப்பி எழுதினார்கள். எழுதியவர்கள் கணவன் மனைவி, இரண்டு பெண்களின் பெற்றோர். உலகம் முழுக்கச் சின்னப் பெண்கள் கூடத்தின் நடுவில் நின்று கையை விரித்து, பெற்றோர் சொன்னதைக் கேட்க மாட்டேன் என்று பாடினார்கள். நாங்கள் அதைப் படம் பிடித்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினோம்.

'இன்சைட் அவுட்' இதே விஷயத்தை, பெற்றோரைக் கொல்லாமல் செய்கிறது. அதனால்தான் எனக்கு அது இன்னும் கஷ்டமான படம். இயக்குநர் பீட் டாக்டருக்குத் தன் மகள் வளரும்போது திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டதிலிருந்துதான் கதை தோன்றியது. படத்தில் வரும் பெண்ணுக்கு 11 வயது. ஊர் மாறுகிறார்கள், வீட்டுச் சாமான் வந்து சேரவில்லை, அப்பாவுக்கு வேலையில் நெருக்கடி. ஒருநாள் இரவு அம்மா வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, நீ இப்படிச் சிரித்த முகமாக இருப்பது அப்பாவுக்கு எவ்வளவு உதவி தெரியுமா என்கிற பொருளில் நன்றி சொல்கிறாள். அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. மகளின் துக்கத்துக்கு அந்த நன்றி பூட்டுப் போட்டுவிடுகிறது. கையுறை கொடுத்த ராஜாவும் இந்த அம்மாவும் செய்தது ஒரே காரியம். வித்தியாசம், இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே கடைசியில் மகள் திரும்பி வந்து, நான் சந்தோஷமாக இருக்க வேண்டுமென்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஆனால் எனக்குப் பழைய வீடு வேண்டும் என்று அழும்போது, எங்களுக்கும்தான் என்று சொல்ல ஆள் இருக்கிறது. கப்பல் ஏறிவிட்ட பெற்றோருக்கு அது கிடைக்கவில்லை. "நல்ல பொண்ணா சமத்தா இருக்கியே" என்று பிள்ளைகளிடம் சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு. இப்போது அதைச் சொல்ல வாயெடுக்கும்போது ஒரு நொடி தயங்குகிறேன். சில சமயம் தயங்கிவிட்டுச் சொல்லியும் விடுகிறேன். நிஜமாகவே சமத்தாக இருக்கும்போது வேறு என்னதான் சொல்வது?

'ப்ளூயி' பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலிய நாய்க் குடும்பம், ஏழு நிமிடக் கதைகள், 2018இலிருந்து வருகிறது. பெற்றோரை வெளியே அனுப்பாமலேயே கதை சொல்ல முடியும் என்று நிரூபித்த தொடர் என்று எல்லாரும் புகழ்கிறார்கள், நியாயம்தான். ஆனால் அந்த அப்பா நாய் எந்நேரமும் விளையாடத் தயாராக இருக்கிறது. தொல்லியல் ஆராய்ச்சி செய்கிற நாயாம். எப்போது தோண்டப் போகிறது என்றுதான் தெரியவில்லை. "அந்த அப்பா மாதிரி நீயும் விளையாடலாம்ல?" என்று சின்னவன் கேட்ட அன்று என் கணவர் அந்தத் தொடரைக் கொஞ்சம் வெறுத்தார்.

பணம் இல்லாத வீட்டுக் கதையில் பெற்றோரைச் சாகடிக்க வேண்டிய தேவையே வராது என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். அங்கே வேலையும் கடனும் போதும். 'காக்கா முட்டை'யில் அப்பா சிறையில், அவரை வெளியே எடுக்க அம்மா அலைந்துகொண்டிருக்கிறாள். இரண்டு பையன்களுக்கும் ஊர் முழுவதும் சுற்றக் கிடைக்கும் சுதந்திரம் அங்கிருந்து வருகிறது. அந்த அம்மா கெட்டவளுமில்லை, கவனக்குறைவானவளுமில்லை. அவளுக்கு நேரமில்லை.

மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' இதில் உச்சம். 1997இல் வந்த ஈரானியப் படம். தைத்து வாங்கிவந்த தங்கையின் ஷூவை அண்ணன் தொலைத்துவிடுகிறான். அப்பாவால் புது ஷூ வாங்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். அதனால் அண்ணனின் ஒரே ஜோடியைக் காலையில் தங்கையும் மதியம் அண்ணனும் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். இந்த ஒப்பந்தத்தை அவர்கள் எங்கே பேசி முடிக்கிறார்கள் தெரியுமா? அப்பா அம்மா அதே அறையில் இருக்க, வீட்டுப்பாடம் எழுதுவதுபோல நோட்டில் எழுதி மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டு. பெற்றோர் சாகவில்லை, போகவில்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகளே அவர்களைக் கதையிலிருந்து வெளியே நிறுத்திவிட்டார்கள், பயத்தால் மட்டுமில்லை, இரக்கத்தால். நான் பார்த்த படங்களிலேயே ஒரு பெற்றோராக என்னை மிகவும் உலுக்கியது இந்த நோட்டுக் காட்சிதான். என் பிள்ளைகள் என் மேல் இரக்கப்பட்டு என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது என்னவாக இருக்கும்?

ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஷூ என்பதால் பையன் மூன்றாவதாக வர நினைத்து ஓடி, முதலாவதாக வந்து அழுவான். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவின் சைக்கிளில் புது ஷூக்கள் தெரியும் ஒரு காட்சி வரும். பையனுக்கு அது தெரியாது. நமக்கு மட்டும் காட்டுவார்கள். என் மகள் பையன் அழுவதற்காக அழுதாள். நான் சைக்கிளுக்காக அழுதேன். ஒரே சோபாவில் இரண்டு படம் ஓடிக்கொண்டிருந்தது.

புத்தகம் என்றால் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. படத்தில் நான் பார்வையாளர்தான், சத்தமாக வாசித்துக் காட்டும்போதோ நானே கதை. எல்லாப் பாத்திரத்துக்கும் என் தொண்டைதான். பிடிக்காத இடத்தைத் தாண்டிவிடலாம் என்கிற அதிகாரமும் என் கையில். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "ஒரு வரிய விட்டுட்ட" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வரும்வரை.

மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' 1963இல் வந்த படப்புத்தகம். ஓநாய் உடை போட்டுக்கொண்டு அட்டகாசம் செய்கிற பையனை அம்மா சாப்பாடு இல்லாமல் படுக்கைக்கு அனுப்பிவிடுகிறாள். அவன் அறையிலேயே காடு வளர்ந்து, கடல் வந்து, படகில் போய்ப் பூதங்களுக்கெல்லாம் ராஜாவாகித் திரும்புகிறான். அம்மாவைப் படத்தில் ஒரு இடத்திலும் வரையவில்லை. அவள் வெறும் குரல். திரும்பி வரும்போது சாப்பாடு அறையில் வைத்திருக்கிறது, இன்னும் சூடாக. கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது, அந்த ஒரு வரி மட்டும். சின்னவனுக்குப் பூதங்கள் கூத்தாடும் பக்கங்கள் போதும், கடைசிப் பக்கத்தைப் புரட்டவே விடமாட்டான். எனக்கோ அந்தக் காலிப் பக்கம்தான் புத்தகம். திட்டிய பிறகு அவள் என்ன யோசித்திருப்பாள், எப்போது மனசு இறங்கித் தட்டை எடுத்துப்போய் வைத்திருப்பாள் என்று செண்டாக் சொல்லவில்லை. கோபத்தில் சொன்ன தண்டனையை எப்படி முகம் கெடாமல் திரும்பப் பெறுவது என்று தெரியாமல் திண்டாடிய எந்த அம்மாவும் அதைத் தானே நிரப்பிக்கொள்ளலாம்.

அப்புறம் 'ஷார்லட்ஸ் வெப்'. ஈ.பி. வைட் 1952இல் எழுதியது. பன்றிக்குட்டியைக் கொல்லவிடாமல் காப்பாற்றுவதற்காக வலையில் சொற்களை நெய்கிற சிலந்தியின் கதை. சிலந்தி 514 முட்டைகளை ஒரு பைக்குள் வைத்துவிட்டு, பிள்ளைகளின் முகம் பார்க்காமல், கண்காட்சி முடிந்து எல்லாரும் போன இடத்தில் தனியாக இறந்துபோகிறது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே கதையைவிட்டுப் போகிற அம்மா. 1970இல் வைட் தன் குரலிலேயே அந்த நாவலை ஒலிப்பதிவு செய்தபோது, சிலந்தி சாகிற பகுதியைக் குரல் உடையாமல் வாசித்து முடிக்க 17 தடவை எடுக்க வேண்டியிருந்தது. எழுதியவருக்கே அந்தக் கதி என்றால், படுக்கையறை விளக்கடியில் அதை வாசிக்கிறவர்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. நான் அந்தப் பக்கத்தைக் கணவரிடம் தள்ளிவிட்டேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் போனவர்தான். பெரியவளே புத்தகத்தை வாங்கி, திக்காமல் திணறாமல், செய்தி வாசிப்பதுபோல வாசித்து முடித்தாள்.

ஆனால் இரண்டாம் தடவை வாசிக்கும்போது எனக்குச் சிலந்தியைவிட வேறொரு அம்மாதான் நெருங்கி வந்தாள். பன்றிக்குட்டியை முதலில் காப்பாற்றிய சிறுமியின் அம்மா. மகள் எந்நேரமும் கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்கிறாள், மிருகங்கள் பேசுவதாகச் சொல்கிறாள் என்று கவலைப்பட்டு மருத்துவரிடமே போய்விடுகிறாள். அவர் சிரித்துக்கொண்டே, காலம் வரும்போது மாறிவிடும் என்கிற மாதிரி சொல்லி அனுப்புகிறார். காலம் வருகிறது. கண்காட்சியில் பன்றிக்குட்டிக்குப் பரிசு கொடுக்கும் நேரத்தில் அந்தப் பெண்ணின் மனம் முழுக்க ராட்டினத்தில் இருக்கிறது, தன் வயதுப் பையன் ஒருவனோடு. அம்மா கேட்டது கிடைத்துவிட்டது. வைட் இதைப் பற்றி ஒரு பெருமூச்சுகூட விடுவதில்லை. போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

பெரியவளும் இப்போது கிட்டத்தட்ட அந்த ராட்டினத்தில்தான் இருக்கிறாள். காதில் இயர்போன்.

பாப் பாட்டில் பெற்றோரைக் கொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அந்த உலகத்தில் அவர்கள் பிறந்ததே இல்லை. வீடு, பள்ளி, பரீட்சை எதுவும் கிடையாது. இரவு, சாலை, ஒரு நீ, ஒரு நான். என்னை நுழையவிடாமல் இருப்பதற்காகவே செய்த மூன்று நிமிட அறை அது. கதவுக்கு வெளியே நிற்கிற பெற்றோர் என்ன செய்வார்கள்? தட்டுவார்கள். 1985இல் அமெரிக்காவில் அப்படித்தான் தட்டினார்கள். மகளுக்காக வாங்கிய பாடகர் பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' இசைத்தொகுப்பில் ஒரு பாட்டைக் கேட்டு, செனட்டர் ஆல் கோரின் மனைவி டிப்பர் கோர் அதிர்ந்துபோனதிலிருந்து ஆரம்பித்த சண்டை, செனட் விசாரணை வரைக்கும் போய், பெற்றோருக்கு எச்சரிக்கை என்ற கருப்பு வெள்ளைப் பட்டையில் வந்து முடிந்தது. அந்தப் பட்டை பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எதைத் தேடி வாங்க வேண்டுமென்று துல்லியமாகச் சொல்லிக்கொடுத்தது என்று சொல்வார்கள். நான் பிள்ளையாக இருந்திருந்தால் அப்படித்தான் வாங்கியிருப்பேன்.

தமிழ்ப் பாட்டு என்றால் என் காது போலீஸ் வேலை பார்க்கிறது. ஒரு வரி கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் சத்தத்தைக் குறைக்கக் கை போகிறது. சின்னவன் முழு ஈடுபாட்டோடு காதல் தோல்விப் பாட்டு பாடுகிறான். என்ன பாடுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது, அவனுக்குத் தாளம்தான் பாட்டு. நானும் அவன் வயதில் பொருள் தெரியாமல் பாடிய பாட்டுகளின் பொருள் பல வருடம் கழித்துத் திடுக்கென்று புரிந்து தனியாகச் சிரித்திருக்கிறேன். இத்தனையும் தெரிந்தும் கை போகிறது. இதில் பெரியவளின் கொரியப் பாட்டுகள் எனக்கு வரமாக வந்தன. ஒரு வார்த்தை புரியாது, அதனால் ஒரு வார்த்தையும் உறுத்தாது. அந்த நிம்மதியையும் அவளே கெடுத்தாள். பி.டி.எஸ். குழுவின் 2013ஆம் ஆண்டு முதல் பாட்டு எதைப் பற்றியது தெரியுமா என்று கேட்டாள். உனக்கென்று ஒரு கனவு இருக்கிறதா, இல்லை மற்றவர்கள் சொன்னதையே உன் கனவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா என்று பள்ளிப் பிள்ளைகளைச் சீண்டுகிற பாட்டாம். மற்றவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கும் பாப் பாட்டில் இடம் உண்டுபோல, எதிர்த்தரப்பில்.

பெற்றோர் நல்லவர்களாக வருகிற பாட்டு இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அது பிள்ளைகளுக்கானதில்லை. 'தங்க மீன்கள்' படத்தில் 'ஆனந்த யாழை மீட்டுகிறாய்' என்று அப்பா மகளுக்காகப் பாடும் பாட்டு. 2013இல் வந்தது, நா. முத்துக்குமாருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. அது எங்கே ஒலித்தாலும் என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பெரியவள் "மாத்துப்பா" என்பாள். யாரைப் பற்றிப் பாடுகிறார்களோ அவர்களுக்கு அந்தப் பாட்டில் வேலை இல்லை. இது இன்று நேற்று வந்ததும் இல்லை. பெரியாழ்வார் யசோதையாக மாறிக் கண்ணனைத் தாலாட்டினார். பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையே வந்து, குழந்தை தலையாட்டுவதற்கு, கைதட்டுவதற்கு, முத்தம் தருவதற்கு, நிலாவைக் கூட விளையாட அழைப்பதற்கு என்று பத்துப் பருவம் பிரித்துப் பாடினார்கள். எந்தக் குழந்தை பிள்ளைத்தமிழ் கேட்டுத் தூங்கியது? அவை பெரியவர்கள் பெரியவர்களுக்குப் பாடிக்கொண்ட பாட்டுகள், குழந்தையைச் சாக்காக வைத்து. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு அவர்கள் பாட்டு இருப்பதுபோல நமக்கு நம் பாட்டு.

1989இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மனிதர்களுக்கு மிகவும் பிடிக்கும் பாட்டு சுமார் 23 அல்லது 24 வயதில் கேட்டதாக இருக்கும் என்கிறது. அந்தக் கணக்கில் என் காது எப்போதோ கடையைச் சாத்திவிட்டது. இருந்தாலும் காரில் போகும்போது ஆளுக்கொரு பாட்டு என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். சின்னவன் முறை வந்தால் பெரும்பாலும் ஏதாவது விலங்கு கத்தும். என் முறை வந்தால் இரண்டு பேரும் ஜன்னலைத் திறப்பார்கள். பெரியவள் போட்டதில் ஒரு பாட்டு மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது. மொழி தெரியாமலே சமையலறையில் முனக ஆரம்பித்தேன். என் முறை வந்தபோது போன வாரம் அதையே கேட்டேன். பட்டியலில் தேடினால் இல்லை.

"அதையா?" என்றாள். "அத எப்பவோ எடுத்துட்டேன்மா. உனக்கே பிடிச்சிருச்சே, அப்புறம் என்ன?"